சொந்த டொமைனில் இலவச மின்னஞ்சல்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு வரலாறு

மின்னஞ்சல் முகவரிக்கு இரண்டு பாதிகள் உண்டு. அட் குறிக்கு இடப்பக்கம் இருப்பது பெட்டியின் பெயர். வலப்பக்கம் இருப்பது அந்தப் பெட்டி இருக்கும் டொமைனின் பெயர். ஜிமெயில், யாகூ, ரெடிஃப்மெயில் என்று முடியும் முகவரிகளில் வலப்பாதி அந்தந்த நிறுவனத்துக்கு உரியது. தன் பெயரிலோ கடையின் பெயரிலோ டொமைன் பதிவு செய்துகொண்டவருக்கு இரண்டு பாதிகளும் சொந்தம். ஆனால் பெயரைப் பதிவு செய்வது ஒரு வேலை. அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கி வைக்கச் சர்வர் நடத்துவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையைக் காசு வாங்காமல் செய்துதரச் சில நிறுவனங்கள் முன்வந்தன. பிறகு அவற்றில் பெரும்பாலானவை பின்வாங்கின. சொந்த டொமைனில் இலவச மின்னஞ்சலின் வரலாறு இந்த வரவும் போக்கும்தான்.

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வரிசையாக அமைந்த ஊர்களில் இந்த வரலாற்றை வைத்துப் பார்ப்பது பொருத்தம். ஏலக்காய், மிளகு, காப்பி, திராட்சை, வாழை, பருத்தி நூல் என்று இங்கே விளைவதும் விற்பதும் பெரும்பாலும் வெளியூருக்குப் போகும் சரக்கு. வாங்குபவர் தொலைவில் இருக்கும் வியாபாரத்தில் முகவரி என்பது பாதி முதல். அது மாறினால் பழைய வாடிக்கையாளர் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

தந்தி விலாசம்

சொந்தப் பெயரில் முகவரி என்ற ஏற்பாடு இணையத்துக்கு முந்தையது. இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய் போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகள் வழியே இறங்கி போடிக்கு வந்து, அங்கிருந்து வட இந்தியச் சந்தைகளுக்குப் போனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை வந்தபோது சரக்குப் போக்குவரத்துக்கு வழி அகலமானது. விலைச் செய்தி சரக்கைவிட வேகமாகப் போக வேண்டும். அந்த வேலையைத் தந்தி செய்தது.

தந்தியில் சொல்லுக்குக் காசு. கடைப் பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் என்று எழுதினால் செய்தியைவிட முகவரி நீண்டுவிடும். இதற்காகவே தந்தித் துறை சுருக்க முகவரிகளைப் பதிவு செய்துகொடுத்தது. வியாபாரி ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒற்றைச் சொல் ஒன்றைத் தன் ஊர்த் தந்தி அலுவலகத்தில் பதிந்துகொள்வார். அந்தச் சொல்லும் ஊர்ப் பெயரும் மட்டும் எழுதி வரும் தந்தி நேராக அவர் கடைக்கு வந்துவிடும். ஒரே ஊரில் ஒரே சொல்லை இருவர் வைத்துக்கொள்ள முடியாது. கடைகளின் லெட்டர்பேடில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்தத் தந்தி விலாசமும் அச்சாகியிருக்கும்.

கட்டணம் கட்டிப் பெற்ற தனிப்பெயர், பிறர் எடுக்க முடியாதபடி ஒரு பதிவேடு, புதுப்பிக்கத் தவறினால் பெயர் போய்விடும் என்ற விதி ஆகிய மூன்றும் பிற்காலத்து டொமைனிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் தந்தி விலாசம் வேறுபட்டது. பெயரைப் பதிவு செய்ததும் செய்தியைக் கொண்டுவந்து கொடுத்ததும் ஒரே துறை. அதனால் துறை சேவையை நிறுத்தினால் பெயருக்கும் மதிப்பில்லை. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தபோது அதோடு தந்தி விலாசங்களும் போயின. அதற்கு வெகுகாலம் முன்பே எஸ்டிடி பூத்தும் ஃபேக்ஸும் அவற்றின் பயனைக் குறைத்துவிட்டிருந்தன.

இணைப்பு கொடுத்தவர் தந்த முகவரி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்ற விஎஸ்என்எல் தொடங்கியது. அதற்கு முன் எர்நெட் என்ற கல்வி வலைப்பின்னல் வழியாக பெரும்பாலும் ஐஐடிக்கள் போன்ற நிறுவனங்களிடமே மின்னஞ்சல் இருந்தது. விஎஸ்என்எல் இணைப்பு வாங்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் பெட்டியும் சேர்ந்து கிடைத்தது. சென்னை வாடிக்கையாளர்களின் பழைய முகவரிகள் ‘ஜியாஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்’ என்ற வாலோடு முடிந்தன. அதில் ‘எம்டி’ மெட்ராஸைக் குறித்தது. பின்னாளில் தொலைத்தொடர்புத் துறையும் பிஎஸ்என்எல்லும் நடத்திய சஞ்சார்நெட் சிறு நகரங்களுக்கும் டயல்-அப் இணைப்பைக் கொண்டுவந்தது. சஞ்சார்நெட் முகவரியின் முன்பகுதியில் ஊரைக் குறிக்கும் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த முகவரிகள் இணைப்போடு கட்டுண்டவை. இணைப்பை விட்டால் முகவரியும் போகும். 2002இல் விஎஸ்என்எல் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. பிஎஸ்என்எல் அகன்ற அலைவரிசைக்கு மாறியபோது சஞ்சார்நெட் என்ற பெயர் பின்தங்கியது. இவற்றை அச்சடித்து வைத்திருந்த விசிட்டிங் கார்டுகள் பயனற்றுப் போயின.

ஹாட்மெயிலும் பிரவுசிங் சென்டரும்

1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் கலிஃபோர்னியாவில் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். இணைப்பு யாருடையதாக இருந்தாலும், கணினி யாருடையதாக இருந்தாலும், உலாவியைத் திறந்தால் கடிதம் படிக்கலாம், கட்டணம் கிடையாது. செலவை விளம்பரம் ஏற்றது. அடுத்த ஆண்டு இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. யாகூ, ரெடிஃப் ஆகியவையும் இதே வழியில் வந்தன.

சொந்தக் கணினி இல்லாதவர்களுக்கு இது பெரிய கதவாக அமைந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தின் சிறு நகரங்களெங்கும் பெருகிய பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வேலை ஒரு யாகூ அல்லது ஹாட்மெயில் கணக்கு திறப்பதுதான். கடைக்கும் கல்லூரி மாணவருக்கும் ஒரே மாதிரி முகவரி. விரும்பிய பெயர் முன்பே போயிருந்தால் பின்னால் எண்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைப் பெயர்ப் பலகையில் இன்றும் எண்கள் தொங்கும் யாகூ முகவரிகளைக் காணலாம். அவை அந்தக் காலத்தில் எடுத்தவை.

கம்பம் பள்ளத்தாக்கின் இணைய வரலாற்றில் உலக அளவில் பேசப்பட்ட முயற்சி ஒன்றும் இந்தக் காலத்தில்தான் நடந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளைக் கோபுரங்களில் பொருத்தித் திசை ஆன்டெனாக்களால் பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்பு கொடுத்தது. சின்னமனூர், போடி போன்ற ஊர்களில் உள்ள கண் பரிசோதனை மையங்களில் அமர்ந்த நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். மின்தடையும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் கருவிகளைக் கெடுத்த விதமும், உள்ளூர்ப் பணியாளர்களே அவற்றைப் பழுதுபார்க்கப் பழகியதும் பின்னர் ஆய்வுக் கட்டுரைகளில் பதிவாயின. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய் ஏலத்தை மின்னணு முறைக்கு மாற்றியது. குரல் கொடுத்து விலை ஏற்றிய வியாபாரிகள் போடி ஏல மையத்தில் கணினி முன் அமர்ந்து விலை குறிக்கத் தொடங்கினார்கள். வியாபாரத்தின் புழக்கம் கணினிக்கு வந்துவிட்ட நிலையில் அடுத்து எழுந்த தேவை, அதில் கடையின் சொந்தப் பெயர்.

பெயரும் பெட்டியும் பிரிந்த இடம்

சொந்த டொமைனில் மின்னஞ்சல் சாத்தியமானது டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டால். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இந்த அமைப்பு, ஒரு பெயரைக் கேட்டால் அதற்குரிய சர்வரின் எண்ணைச் சொல்லும். 1986இல் இதில் எம்எக்ஸ் பதிவு என்ற புதிய வகை சேர்ந்தது. இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை எந்தச் சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. இணையதளம் ஓரிடத்திலும் மின்னஞ்சல் வேறிடத்திலும் இருக்கலாம். மின்னஞ்சலை மட்டும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமானால் எம்எக்ஸ் பதிவின் ஒன்றிரண்டு வரிகளைத் திருத்தினால் போதும், முகவரி மாறாது. தந்தி விலாசத்தில் பிரிக்க முடியாமல் இருந்த பெயரும் சேவையும் இங்கே பிரிந்தன. பின்னால் வந்த இலவசச் சேவைகள் எல்லாமே இந்த எம்எக்ஸ் வரியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னவைதான்.

பெயர் கிடைப்பது முதலில் எளிதாக இல்லை. இந்தியாவுக்கான ‘.இன்’ 1989இலேயே ஒதுக்கப்பட்டிருந்தும் விதிகள் இறுக்கமாக இருந்ததால் 2004 வரை அதில் பதிவானவை சுமார் 7,000 பெயர்களே. 2005 தொடக்கத்தில் நிக்சி என்ற தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு பதிவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பதிவு நிறுவனங்கள் போட்டி போட்டு விற்க, சில நூறு ரூபாய்க்கு ஓராண்டுப் பெயர் கிடைக்கும் நிலை உருவானது.

பெயர் வாங்கியவர் மின்னஞ்சலுக்கு என்ன செய்வது? அப்போதைய வழக்கம், இணையதளத்துக்காக வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கிலேயே சில மின்னஞ்சல் பெட்டிகளையும் திறந்துகொள்வது. சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் இதையே செய்தார்கள். இதில் தொல்லை ஸ்பாம் என்ற குப்பை அஞ்சல். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் இருக்கும். அவற்றில் ஒருவர் குப்பை அஞ்சல் அனுப்பினால் சர்வரின் எண் முழுவதுமே கறுப்புப் பட்டியலில் ஏறும். குற்றம் செய்யாத அண்டைக் கடையின் விலைப்பட்டியலும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் விழும். இதைத் தடுக்க வந்த முறைகள் மூன்று. அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களை டொமைன் உரிமையாளரே அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006இல் ஏட்டில் ஏறியது. கடிதத்துக்கு மின்கையொப்பம் இடும் டிகேஐஎம் 2007இல் வந்தது. இவ்விரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் 2012இல் வெளியானது. பாதுகாப்பு கூடியது, அதேசமயம் சொந்தமாகச் சர்வர் நடத்துவது தனிமனிதருக்குக் கடினமான வேலையாகவும் ஆனது. பெரிய நிறுவனங்களின் இலவச ஏற்பாட்டை நோக்கி மக்கள் நகர்ந்ததற்கு விலையைப் போலவே இதுவும் காரணம்.

இலவசத்தின் வசந்தம்

2005 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘விண்டோஸ் லைவ் கஸ்டம் டொமைன்ஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. ஹாட்மெயிலின் வசதிகளைச் சொந்த டொமைனிலேயே காசில்லாமல் பயன்படுத்தலாம். 2006 பிப்ரவரியில் கூகுள் ஒரு கல்லூரியில் சோதனை தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் ‘கூகுள் ஆப்ஸ் ஃபார் யுவர் டொமைன்’ என்று பொதுவில் வெளியிட்டது. ஜிமெயிலின் தேடலும் இடவசதியும் ஸ்பாம் வடிகட்டியும் அப்படியே சொந்தப் பெயரில் கிடைத்தன. ரஷ்யாவின் யாண்டெக்ஸும் இதே போன்ற சேவை தந்தது.

நிறுவனங்கள் ஏன் இலவசமாகக் கொடுத்தன என்பதற்கு விடை அடுத்த நகர்விலேயே தெரிந்தது. 2007 பிப்ரவரியில் கூகுள் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 50 டாலர் வீதம் கட்டணப் பதிப்பைக் கொண்டுவந்தது. இலவசப் பதிப்பு அதற்கு முன்கூடம். சிறிய கடை இலவசத்தில் பழகி, வளர்ந்த பிறகு கட்டணத்துக்கு மாறும் என்பது கணக்கு. மாறுகிறவர்கள் போதுமான அளவு சேர்ந்த பிறகு முன்கூடம் சுருங்கியது. 2009 ஜனவரியில் புதிய இலவசக் கணக்குகளுக்கு உச்சவரம்பு 50 பயனர்கள் ஆனது. 2011 மே மாதம் அது 10 ஆகக் குறைந்தது. 2012 டிசம்பர் 6 அன்று புதியவர்களுக்கு இலவசப் பதிப்பே நிறுத்தப்பட்டது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டும் புதிய டொமைன்களை ஏற்பதை நிறுத்தியது.

பழைய கணக்குக்காரர்களுக்குப் பத்தாண்டுகள் தொந்தரவில்லை. 2022 ஜனவரியில் கூகுள் அவர்களும் கட்டணத்துக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. குடும்பப் பெயரில் டொமைன் வாங்கி அப்பா, அம்மா, பிள்ளைகளுக்குப் பெட்டி திறந்து வைத்திருந்தவர்கள் உலகெங்கும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வணிகத்துக்கு அல்லாமல் சொந்தப் பயனுக்கு வைத்திருப்பவர்கள் இலவசமாகத் தொடரலாம் என்று அதே ஆண்டு மே மாதம் கூகுள் இறங்கி வந்தது. யாண்டெக்ஸும் பிறகு கட்டணத்துக்குப் போனது. கதவு மூடிய ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான்: சேவையை இழந்தவர்கள் முகவரியை இழக்கவில்லை. எம்எக்ஸ் வரியை வேறு பக்கம் திருப்பிவிட்டு அதே பெயரில் தொடர்ந்தார்கள். பழைய கடிதங்களை இடம்மாற்றும் சிரமம் மட்டும் இருந்தது.

தமிழகத்திலிருந்து ஒரு சேவை

இப்படி வெளியேறியவர்களில் பலர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று தமிழகத்தில் வேர்கொண்ட ஜோஹோ. ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996இல் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2005இல் ஜோஹோ என்ற பெயரில் இணையவழி மென்பொருள்களை வெளியிடத் தொடங்கியது. 2008இல் ஜோஹோ மெயில் வந்தது. 2009இல் நிறுவனமே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. சென்னைக்கு வெளியே வேலை என்ற கொள்கையோடு தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்குக்குத் தெற்கே, அதே மலைத்தொடரை ஒட்டிய ஊர் அது.

ஜோஹோ மெயிலின் இலவசத் திட்டம் கூகுளின் திட்டத்தைப் போல மூடப்படாமல் சுருங்கிய வடிவில் நீடிக்கிறது. ஒரு டொமைன், ஐந்து பயனர்கள், ஒருவருக்கு 5 ஜிபி இடம். விளம்பரம் இல்லை. உலாவியிலும் ஜோஹோவின் கைபேசிச் செயலியிலும் படிக்கலாம். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற வெளி மென்பொருள்களோடு இணைக்க உதவும் ஐமேப், பாப் வசதிகள் கட்டணத் திட்டத்தில்தான். ஒரு சிறு கடைக்கோ குடும்பத்துக்கோ இது போதும்.

இணைக்கும் முறை எந்தச் சேவையிலும் ஏறக்குறைய இதுவே. உத்தமபாளையத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தன் தோட்டத்தின் பெயரில் ‘.இன்’ டொமைன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பெயர் தன்னுடையது என்பதை அவர் காட்ட வேண்டும். சேவை நிறுவனம் ஒரு குறியீட்டுச் சரத்தைக் கொடுக்கும். டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்துக்குப் போய் அதை டெக்ஸ்ட் பதிவாக ஒட்டிச் சேமிக்க வேண்டும். உரிமையாளர் தவிர வேறு யாரும் அந்தப் பக்கத்தைத் தொட முடியாது என்பதே சான்று. அடுத்து எம்எக்ஸ் பதிவுகள். ஜோஹோவின் இந்தியச் சர்வர்களுக்கு மூன்று வரிகள், ‘எம்எக்ஸ்.ஜோஹோ.இன்’ என்பதற்கு முன்னுரிமை எண் 10, அடுத்த இரண்டுக்கும் 20, 50. சிறிய எண்ணுக்கே முதல் மரியாதை. அது பதில் சொல்லாவிட்டால்தான் கடிதம் அடுத்ததற்குப் போகும். முன்பு வேறு நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிகள் இருந்தால் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில கடிதங்கள் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும். பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகியவற்றுக்குத் தலா ஒரு டெக்ஸ்ட் பதிவு. மாற்றம் உலகெங்கும் பரவச் சில நிமிடம் முதல் ஓரிரு நாள் வரை ஆகலாம்.

இதில் எஸ்பிஎஃப் முதலிய மூன்றையும் தள்ளிப்போடுவது பலருக்கு வழக்கம். கடிதம் வரத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணுவார்கள். வருவதற்கு எம்எக்ஸ் போதும். போவது ஒழுங்காகச் சேர அந்த மூன்றும் வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புவோர் அடையாளச் சோதனையைக் கடுமையாக்கியுள்ளதால் இவற்றை விட்டுவிட்ட டொமைனின் கடிதங்கள் ஸ்பாமில் விழவோ திருப்பி அனுப்பப்படவோ வாய்ப்பு அதிகம்.

பெயரின் பலவீனம்

சேவையை மாற்றலாம், பெயர் நிலைக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் பலம். அதன் மறுபக்கம், பெயர் போனால் எல்லாம் போகும். இதற்கு உதாரணமானது ஜோஹோவே. 2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோவின் முதன்மை டொமைனை அதன் பதிவு நிறுவனமான டியராநெட் முடக்கியது. ஜோஹோ மெயில் வழியாகச் சிலர் மோசடிக் கடிதங்கள் அனுப்பினார்கள் என்று வந்த புகார்கள் காரணமாகச் சொல்லப்பட்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் பெயர் மட்டும் வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர்கள் தங்கள் வேலைகளைத் திறக்க முடியாமல் மணிக்கணக்கில் தவித்தார்கள். ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வெளிப்படையாக உதவி கேட்ட பின்னரே பதிவு நிறுவனத்தின் மேல்மட்டத்தைத் தொடர்புகொள்ள முடிந்தது. பிறகு ஜோஹோ தன் டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது. சொந்த டொமைனில் இலவசப் பெட்டி கேட்பவரிடம் சேவை நிறுவனங்கள் கைபேசி எண் சரிபார்ப்பு, அனுப்பும் எண்ணிக்கைக்கு வரம்பு என்று கட்டுப்பாடுகள் போடுவதன் காரணமும் இங்கே தெரிகிறது. இலவசம் என்ற இடத்துக்கு மோசடிக்காரர்களும் வந்துசேர்கிறார்கள்.

சிறு ஊர்களில் பெயர் பறிபோகும் வழி இன்னும் சாதாரணமானது. இணையதளம் செய்து கொடுத்தவரே டொமைனையும் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். அவர் தொழிலை விட்டுவிட்டாலோ ஊர் மாறிவிட்டாலோ புதுப்பிக்கும் அறிவிப்பு கடைக்காரரை எட்டாது. இன்னொரு பொறி உண்டு. பதிவு நிறுவனத்தில் தொடர்பு முகவரியாக அந்த டொமைனின் மின்னஞ்சலையே கொடுத்திருந்தால், டொமைன் காலாவதியான பின் வரும் எச்சரிக்கைகள் அந்தப் பெட்டிக்கே போகும். பெட்டியோ வேலை செய்யாது. காலக்கெடு முடிந்தபின் கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள் மீட்புக் காலம் இருந்தாலும் அதுவும் கடந்தால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். வேறு யாராவது வாங்கினால் பழைய வாடிக்கையாளர்களின் கடிதங்கள், வங்கிக் கடவுச்சொல் மாற்றும் இணைப்புகள் உட்பட, புதியவரின் பெட்டிக்குப் போகும்.

பெயரை விடாமல் சேவையை மாற்றிய பெரிய உதாரணம் அரசு. 2015இல் வெளியான மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை, அலுவல் கடிதங்களுக்குத் தேசியத் தகவலியல் மையத்தின் சேவையையே பயன்படுத்தச் சொன்னது. 2023இல் டெண்டர் வழியாக அந்தச் சேவையை நடத்தும் பொறுப்பு ஜோஹோவுக்குக் கிடைத்தது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் பெட்டிகள் ஜோஹோ தளத்துக்கு மாறின. முகவரிகள் ‘என்ஐசி.இன்’, ‘ஜிஓவி.இன்’ என்றே நீடிக்கின்றன.

பெட்டி இல்லாத முகவரி

பெட்டியே வைக்காமல் முகவரி மட்டும் வைத்துக்கொள்ளும் வழியும் பழையதுதான். டொமைனுக்கு வரும் கடிதத்தை வாங்கி ஏற்கெனவே உள்ள வேறொரு பெட்டிக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங் சேவைகள் 1990களிலேயே இருந்தன. சேமிக்க இடம் வேண்டாம் என்பதால் கொடுப்பவருக்குச் செலவு குறைவு; அதனால் இது இலவசமாக நீடிக்க வாய்ப்பு அதிகம். கிளவுட்ஃப்ளேர் 2021 செப்டம்பரில் அறிவித்த மின்னஞ்சல் ரூட்டிங், இம்ப்ரூவ்எம்எக்ஸ் போன்றவை இந்த வகை. குறை, பதில் எழுதும் பக்கம். கடிதம் சொந்தப் பெயருக்கு வரும். சாதாரணமாகப் பதில் எழுதினால் ஜிமெயில் போன்ற அந்த வேறு பெட்டியின் முகவரியிலிருந்து போகும். சொந்தப் பெயரில் அனுப்ப வேண்டுமானால் தனியே ஒரு அனுப்பும் சர்வர் ஏற்பாடு செய்ய வேண்டும். விசாரணைகள் மட்டும் வந்துசேர்ந்தால் போதும், மற்றதை வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கும் தோட்டங்களுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் இதுவே போதுமானதாக இருக்கிறது.

தமிழ் எழுத்தில் முகவரி

முகவரியின் இரு பாதிகளும் நெடுங்காலம் ஆங்கில எழுத்துக்குள் அடங்கியிருந்தன. பிறமொழி எழுத்துகளில் டொமைன் பெயர்களை உருவாக்கும் தொடக்ககாலச் சோதனைகள் 1998ஐ ஒட்டி சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினரால் நடந்தன. 2010க்குப் பின் ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகிய உயர்நிலைப் பெயர்கள் தமிழிலேயே ஒதுக்கப்பட்டன. 2012இல் அட் குறிக்கு இடப்பக்கமும் எந்த மொழியும் வரலாம் என்ற தொழில்நுட்ப விதிகள் வெளியாயின. 2014இல் ஜிமெயில் அத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாற வழிசெய்தது. 2016இல் ஜெய்ப்பூரின் டேட்டா எக்ஸ்ஜென் நிறுவனம் இந்திய மொழிகளில் மின்னஞ்சல் முகவரி தரும் டேட்டாமெயிலை வெளியிட்டது.

2021 ஜனவரியில் நிக்சி ஒரு சலுகை அறிவித்தது. ‘.இன்’ டொமைன் பதிவு செய்பவர்கள் தங்கள் விருப்பப்படி 22 அட்டவணை மொழிகளில் ஒன்றில் ஒரு டொமைனும், அந்த மொழியிலேயே ஒரு மின்னஞ்சலும் இலவசமாகப் பெறலாம் என்றது. சொந்தப் பெயரில் இலவசப் பெட்டி என்பதை நாட்டின் பதிவு அமைப்பே முன்வைத்த அரிய தருணம் அது. சலுகை அந்த மாத இறுதி வரைக்குமானது. தமிழ் முகவரிகள் அன்றாடப் புழக்கத்துக்கு வரத் தடையாக இருப்பது பெயரைவிட ஏற்பு. வங்கிப் படிவங்களும் அரசுத் தளங்களும் பதிவுப் பக்கங்களும் பல இடங்களில் தமிழ் எழுத்தை மின்னஞ்சல் முகவரியாக ஏற்க மறுக்கின்றன. அதனால் வைத்திருப்பவர்களும் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்கிறார்கள்.

இன்றைய நிலை

இன்று தேனியிலோ கம்பத்திலோ சொந்த டொமைனில் காசில்லாத மின்னஞ்சல் தேடுபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: பயனர் எண்ணிக்கை குறைந்த இலவசத் திட்டம், ஃபார்வர்டிங், இணையதள ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் பெட்டி. முதலாவதில் வெளி மென்பொருள் வசதி இல்லை. இரண்டாவதில் பதில் அனுப்புவது சிக்கல். மூன்றாவதில் ஸ்பாம் பட்டியல் தொல்லை. மூன்றிலும் சேவை நாளை நிற்கலாம் அல்லது சுருங்கலாம். 2005க்குப் பிறகான அனுபவம் அதுதான். மின்னஞ்சலுக்காகத் தனியே கட்டணம் கட்ட வேண்டிய ஒரே இடம் டொமைன். அது உரிமையாளரின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். தொடர்பு முகவரியாக வேறொரு டொமைனில் உள்ள மின்னஞ்சலையும் நடப்பில் உள்ள கைபேசி எண்ணையும் கொடுத்திருக்க வேண்டும். புதுப்பிப்பைத் தானியங்கியாக வைத்தோ பல ஆண்டுகளுக்கு முன்பணம் கட்டியோ உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடிதங்களின் நகலை ஆண்டுக்கு ஓரிரு முறை சொந்தக் கணினிக்கு இறக்கி வைத்தால், சேவை மாறும் நாளில் செய்ய வேண்டியது எம்எக்ஸ் வரிகளைத் திருத்தும் அரைமணி நேர வேலை மட்டுமே.